போர்க்கால நீர்மூழ்கி: மிதக்கவிடுவதா, கரையேற்றுவதா, கூரைக்குள் வைப்பதா?

ஓய்வுபெற்ற நீர்மூழ்கியைப் பெறுவதற்குப் பெரிய தொகை வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கட்டிய யு-995ஐ நார்வே போருக்குப் பின் தன் கடற்படையில் ஓட்டிவந்தது. பிறகு ஒரே ஒரு மார்க் என்ற பெயரளவு விலைக்கு அதை ஜெர்மனிக்குத் திருப்பித்தர முன்வந்தது. அமெரிக்கக் கடற்படையும் பழைய கப்பல்களை அருங்காட்சியகங்களுக்கு நன்கொடையாகவே கொடுத்திருக்கிறது. செலவு தொடங்குவது அதற்குப் பிறகுதான். அது எவ்வளவு என்பதை, கப்பலை எங்கே, எப்படி நிறுத்துகிறோம் என்ற முடிவுதான் தீர்மானிக்கும்.

வழிகள் நான்கு. தண்ணீரிலேயே கட்டிவைக்கலாம். கரையேற்றித் திறந்தவெளியில் நிறுத்தலாம். கட்டடத்துக்குள் கொண்டுபோகலாம். இவை எதுவும் இயலாதபோது வெட்டித் துண்டுகளாகக் காட்டலாம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: உப்புநீரில் கிடக்கும் நீர்மூழ்கியைக் கரையேற்ற வேண்டும், அதுவும் அதன் உடல் தூக்குவதைத் தாங்கும் காலத்திலேயே. தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் இந்த வழிகளில் ஏதாவது ஒன்று அடைபட்டுக்கொண்டே வரும்.

துரு எங்கே தின்கிறது

நீர்மூழ்கிக்கு இரண்டு தோல். உள்ளே இருப்பது ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கும் பிரஷர் ஹல். அமெரிக்காவின் பலாவோ வகையில் அதன் தடிமன் சுமார் 22 மி.மீ.; யு-995 போன்ற ஏழாம் வகை சி/41 படகுகளில் 21 மி.மீ. அதைச் சுற்றியிருக்கும் வெளித்தோலில் பல இடங்களில் இதில் பாதித் தடிமன்கூட இராது. இரண்டுக்கும் நடுவே பேலஸ்ட் தொட்டிகளும் (மூழ்கத் தண்ணீரும் மிதக்கக் காற்றும் நிரப்பும் தொட்டிகள்) எரிபொருள் தொட்டிகளும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர் தாராளமாக உள்ளே வந்து போகும்படி ஓட்டைகள் விடப்பட்ட மேல்தளக் கூடு. அதற்குள் பல மூலைகளில் கையைக்கூட நுழைக்க முடியாது. தூரிகை எங்கே போகும்?

"இவ்வளவு தடித்த இரும்பு, நூறு வருஷம் தாங்கும்" என்று பலரும் நம்பி ஏமாறுவது இங்கேதான். மிதக்கும் நீர்மூழ்கியை மேலே தாங்கிப்பிடிப்பது அந்தத் தடித்த இரும்பு அல்ல, மெல்லிய வெளித்தோலுக்குள் அடைபட்டிருக்கும் காற்று. பேலஸ்ட் தொட்டிகளில் தண்ணீர் புகுந்தால் மூழ்க வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்ட கலம் அது. ஆகவே தகட்டில் ஓட்டை விழாவிட்டாலும், தொட்டியின் உச்சியில் காற்றை வெளிவிடும் வென்ட் வால்வின் ரப்பர் வளையம் கெட்டுக் காற்று கசிந்தாலே போதும், படகு இறங்கத் தொடங்கிவிடும்.

கடல்நீருக்குள் முழுக்க அமிழ்ந்திருக்கும் பாதுகாப்பற்ற எஃகு, ஆண்டுக்குச் சராசரியாக 0.1 மி.மீ. தேயும். அலை தெறிக்கும் நீர்க்கோட்டுப் பட்டையில் தேய்மானம் அதைப் போல மூன்று மடங்கும் அதற்கு மேலும் போகும், ஏனென்றால் அங்கே உப்பும் ஈரமும் ஆக்சிஜனும் ஒன்றாகக் கிடைக்கின்றன. பேலஸ்ட் தொட்டி பாதி தண்ணீரும் பாதி காற்றுமாக இருந்தால் அதற்குள்ளும் இப்படி ஒரு நீர்க்கோடு உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

தண்ணீரில் மிதக்கவிடுவது

கண்ணுக்கு இதுவே நிறைவு. கப்பல் கப்பலாகத் தெரியும். தூக்கும் செலவு இல்லை. பழுது பார்க்க இழுத்துப் போகலாம். சான் பிரான்சிஸ்கோவின் பம்பானிட்டோ இப்படித்தான் கடல்நீரில் நிற்கிறது, சில ஆண்டு இடைவெளியில் டிரை டாக் (தண்ணீர் இல்லாமல் கப்பலின் அடிப்பாகத்தைப் பழுது பார்க்கும் தளம்) ஏற்றப்பட்டு வருகிறது. கிளீவ்லாந்தில் ஈரி ஏரியில் நிற்கும் காட், மஸ்கீகனில் சில்வர்சைட்ஸ், மேனிடோவாக்கில் கோபியா ஆகிய மூன்றும் நன்னீரில் மிதப்பவை. நன்னீரில் அரிப்பு மெதுவாகவே நடக்கும். காட் 2021இல் பென்சில்வேனியாவின் ஈரி நகரக் கப்பல் கட்டும் தளத்துக்கு ஏரி வழியாகவே இழுத்துச் செல்லப்பட்டு, டாக்கில் ஏற்றிப் பழுது பார்க்கப்பட்டுத் திரும்பியது. நன்னீர், பக்கத்திலேயே டாக், அங்கே போய்வரத் தண்ணீர் வழி என்ற மூன்றும் ஒருசேர அமைந்தால் மிதக்கவிடுவதைக் குறைசொல்ல மாட்டோம்.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் கதை வேறு. நியூ ஜெர்சியில் ஹாக்கன்சாக் ஆற்றில் லிங் சேற்றில் அமர்ந்துவிட்டது. ஆறு தூர்ந்துபோனதால் அதை வெளியே எடுக்க வழியில்லை. 2018இல் விஷமிகள் உள்ளே தண்ணீரைப் புகவிட்டு நாசம் செய்தார்கள். தென் கரோலினாவில் 1981 முதல் உப்புநீரில் காட்சிக்கு நின்ற கிளாமகோர், சீர்செய்யும் செலவு எட்டாத உயரத்துக்குப் போய், கடைசியில் உடைக்கப்பட்டது. பனிப்போர்க் காலத்துச் சோவியத் படகான கே-77, 2007 ஏப்ரலில் அடித்த புயலில் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் துறையிலேயே மூழ்கியது. மீட்டெடுத்தும் பயனில்லை, அதுவும் இரும்புக்கடைக்கே போனது.

மிதக்கவிடுவது என்று முடிவானால் அன்றாட வேலை இது. முன்னும் பின்னும் உள்ள ஆழக் குறிகளைத் தினமும் ஒரே நேரத்தில் படித்து எழுதிவைக்க வேண்டும். இரண்டு அங்குலம் இறங்கினால் அன்றே காரணம் தேட வேண்டும். கசியும் நீர் சேரும் அடிக்குழியான பில்ஜ் ஒவ்வொன்றிலும் நீர்மட்ட அலாரம் தேவை; அது கரையில் இருப்பவரின் தொலைபேசியில் ஒலிக்க வேண்டும். ஆளில்லாத கப்பலுக்குள் ஒலிக்கும் மணியால் எந்தப் பயனும் இல்லை. கம்ப்ரஸரும் குழாய்களும் எப்போதும் ஆயத்தமாக இருந்தால்தான் பேலஸ்ட் தொட்டியில் குறைந்த காற்றை உடனே ஏற்ற முடியும்.

அரிப்பைத் தடுக்க, கப்பலின் எஃகுக்குப் பதிலாகத் தான் கரையும் உலோகக் கட்டியான அனோடைக் கட்டுவார்கள்: உப்புநீரில் துத்தநாக அல்லது அலுமினிய அனோடு, நன்னீரில் மெக்னீசிய அனோடு. நன்னீரில் துத்தநாகத்தைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, அது கரையவே இல்லை என்று மகிழ்பவர்கள் உண்டு. கரையவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை என்று பொருள். வெள்ளி/வெள்ளி குளோரைடு மின்முனையைத் தண்ணீரில் இறக்கி உடலின் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். கடல்நீரில் மைனஸ் 0.80 வோல்ட்டோ அதைவிட எதிர்மறையாகவோ இருந்தால் எஃகு பாதுகாப்பில் இருக்கிறது, மைனஸ் 1.1ஐத் தாண்டினால் பெயின்ட் உரியத் தொடங்கும். வெளியே கட்டிய அனோடு தொட்டியின் உட்புறத்தைக் காக்காது. நீர்க்கோட்டுக்கு மேலே எதையுமே காக்காது.

எளிதில் தவறவிடும் இன்னொன்று, கரையிலிருந்து வரும் மின்சாரம். அதன் எர்த் கம்பி வழியாகக் கப்பலும் துறைச்சுவரின் இரும்புத் தகடுகளும் ஒரே மின்சுற்றாகிவிட்டால், துறைச்சுவரைக் காக்க உங்கள் அனோடு கரைந்துகொண்டிருக்கும். அது தீர்ந்ததும் கப்பலின் உடலே கரையும். நடுவில், கரைக்கும் கப்பலுக்கும் நேரடிக் கம்பித் தொடர்பு இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

டாக்கில் ஏற்றும் வாய்ப்பு கிடைக்கும்போது பெயின்ட் அடிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பேலஸ்ட் தொட்டிகளின் அடித்துவாரங்களை எஃகுத் தகடால் வெல்டிங் செய்து மூடி, உள்ளே தண்ணீரை வெளியேற்றி, காயவைத்து, பெயின்ட் பூசிவிட்டால் உள்நீர்க்கோடே இல்லாமல் போகும். தொட்டிக்குள் பாலியூரித்தேன் நுரையை நிரப்பும் யோசனையை எங்களால் ஏற்க முடியவில்லை. நுரைக்கும் தகட்டுக்கும் இடையில் தண்ணீர் தேங்கும். பிறகு யாரும் அந்தத் தகட்டைப் பார்க்கவே முடியாது.

பேட்டரியை எடுத்துவிட்டால் நிலை மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். அமெரிக்கப் போர்க்காலப் படகுகளில் 252 செல்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 750 கிலோ. மொத்தம் 189 டன் எடை அடிவயிற்றிலிருந்து போய்விடுகிறது. படகு மேலெழும், பழைய நீர்க்கோட்டுப் பெயின்ட் வெளியே வரும், நிலைத்தன்மை குறையும். ஈடாக எடை வைப்பதை ஒரு கப்பல் வடிவமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுத் தர வேண்டும்.

கரையேற்றி நிறுத்துவது

யு-995ஐ மிதவைக் கிரேன்கள் தூக்கி, 1972இல் லாபோ கடற்கரையில் கடற்படை நினைவுச்சின்னத்தின் முன் வைத்தன. சுமார் 770 டன் எடையுள்ள படகுக்கு அது முடிந்தது. அதைப் போல இருமடங்கு எடையுள்ள பலாவோ வகைக்குக் கிரேனைத் தேடுவது கடினம். சாய்தளத்தில் வின்ச்சால் இழுக்கலாம். அல்லது பள்ளம் தோண்டி, தண்ணீரோடு மிதக்கவிட்டு உள்ளே கொண்டுவந்து, பின்னால் அடைத்துத் தண்ணீரை இறைக்கலாம். 1971 போரில் ரோந்து சென்ற ஐ.என்.எஸ். குர்சுரா, 91 மீட்டர் நீளமுள்ள படகு, விசாகப்பட்டினத்தில் மணலின் மேல் இழுத்தேற்றப்பட்டு, கான்கிரீட் மேடையில் அமர்த்தப்பட்டு 2002இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அலபாமாவின் டிரம் 1969 முதல் மொபைல் விரிகுடாவில் மிதந்துகொண்டிருந்தது. 1998இல் ஜார்ஜஸ் புயலில் அடிபட்ட பிறகே 2001இல் அதைக் கரையேற்றினார்கள்.

கரையேறிய படகு மூழ்காது, டாக் செலவு நின்றுவிடும், அடிப்பாகத்தையும் ஏணி வைத்துப் பார்க்கலாம். ஆனால் துரு நிற்காது. கடற்காற்றின் உப்பு படியும், கழுவ அலைகூட இல்லை. மழைநீர் மேல்தளக் கூட்டுக்குள் இறங்கி வெளியேற வழியின்றித் தேங்கும். எனவே கரையேற்றியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒவ்வொரு திறந்த அறையின் மிகத் தாழ்ந்த புள்ளியிலும் வடிகால் துளை இருக்கிறதா, அடைபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. அடுத்தது ஆண்டுக்கு நாலைந்து முறையாவது நன்னீரால் கழுவுவது.

தாங்கிகளில் நடக்கும் தவறு தனி. தண்ணீர் உடல் முழுவதையும் ஒரே சீராகத் தாங்கும். கரையில் சில புள்ளிகள் மட்டும் தாங்குகின்றன. அந்தப் புள்ளிகள் பல்க்ஹெட்டுக்கும் (உள்ளே அறைகளைப் பிரிக்கும் குறுக்குச்சுவர்) வலுவான ஃப்ரேமுக்கும் (தகட்டைத் தாங்கும் விலா போன்ற சட்டம்) நேர் கீழே வர வேண்டும். இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் வந்தால் தகடு உள்வாங்கும். வெயிலில் எஃகு நீளும்: 90 மீட்டர் உடல், 30 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 32 மி.மீ. நீளும். ஒரு தாங்கியை மட்டும் நிலையாக வைத்து மற்றவற்றை நகரும்படி விடாவிட்டால் கான்கிரீட்டோ வெல்டிங்கோ விரிசல் விடும். கான்கிரீட் தொட்டிலில் உடலை நேரடியாகப் படியவைப்பது மிகக் கெட்ட வழக்கம். தொடும் பரப்பில் ஈரம் ஒட்டிக்கொள்ளும், தகடு அங்கே கரைவதை யாரும் காண முடியாது.

வெள்ளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓக்லஹோமாவின் மஸ்கோகியில் 1970களிலிருந்து கரையில் நின்ற பேட்ஃபிஷ், 2019 மே மாத ஆர்கன்சாஸ் ஆற்று வெள்ளத்தில் மிதக்கத் தொடங்கிவிட்டது. இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் எந்தத் தொட்டிகளைத் திறந்துவிட்டுப் படகை அழுத்தி உட்காரவைப்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

நீருக்கும் கரைக்கும் நடுவில் நிற்கும் வழியை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் 1945இல் நீரில் இறங்கிய எச்.எம்.எஸ். அலையன்ஸ், 1981 முதல் கடல்நீருக்கு மேலே தூக்கிய தாங்கிகளில் நின்றது. கீழே உப்பு ஆவி, உள்ளே புறாக்களின் எச்சம், அடியில் வேலைசெய்யப் போகவும் வழியில்லை. முன்னும் பின்னும் அரித்து ஓட்டை விழுந்தது. கடைசியில் அடியிலிருந்த கடலைத் தூர்த்து நிலமாக்கி, ஏறக்குறைய 70 லட்சம் பவுண்டு செலவில் சீர்செய்து, 2014இல் மீண்டும் திறந்தார்கள். தொடக்கத்திலேயே நிலத்தில் வைத்திருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி வந்திராது.

கூரைக்குள்

சிகாகோவின் யு-505தான் இதற்கு முதல் சான்று. 1944 ஜூன் 4 அன்று ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அமெரிக்கர் கைப்பற்றிய படகு அது. 1954இல் அருங்காட்சியகத்துக்கு வந்து, ஐம்பது ஆண்டு வெயிலிலும் பனியிலும் நின்றது. அந்த ஐம்பது ஆண்டுகளில் வெளித்தோல் பட்ட பாட்டைப் பார்த்த பிறகே 2004இல் தரைக்குக் கீழே கட்டிய அரங்குக்குள் இறக்கினார்கள். எஸ்தோனியாவின் லெம்பிட்டும் அப்படியே. 1936இல் இங்கிலாந்தின் பாரோவில் கட்டப்பட்டு, 2011 வரை தண்ணீரிலேயே கிடந்து, பிறகு தல்லினின் பழைய கடல்விமானக் கொட்டகைக்குள் நுழைந்தது. ஏற்கெனவே இருக்கும் பெரிய கொட்டகையைப் பயன்படுத்திக்கொண்ட அந்த அறிவை மெச்ச வேண்டும். புதுக் கட்டடம் என்பதே இந்த வழியின் பெருஞ்செலவு.

கூரை மட்டும் துருவை நிறுத்திவிடாது, உப்பு ஊறிய இரும்பில் நிச்சயம் நிறுத்தாது. பிரிட்டனின் முதல் நீர்மூழ்கியான ஹாலந்து-1 இதை நன்றாகவே கற்றுத்தந்தது. எழுபது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கடலடியில் கிடந்து 1982இல் மேலே வந்தது. மேற்பூச்சு மருந்துகள் போட்டுக் காட்சிக்கு வைத்தும் துரு உள்ளிருந்து கிளம்பியது. 1995இல் அதைச் சுற்றியே கண்ணாடியிழைத் தொட்டி கட்டி, சோடியம் கார்பனேட் கரைசலில் ஆண்டுக்கணக்கில் ஊறவைத்து, துருவைத் தூண்டும் உப்புக்கூறான குளோரைடை வெளியே இழுத்தார்கள். 2001இல் ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட தனிக் கட்டடம் வந்தது. சுத்தமான எஃகுக்கு 50 சதவீத ஒப்பு ஈரப்பதம் போதும். குளோரைடு ஊறிய இரும்புக்கு 20 சதவீதம் அளவுக்கு இறக்க வேண்டும். பிரிஸ்டலில் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் கப்பலின் அடிப்பாகத்தைக் கண்ணாடித் தளத்துக்குக் கீழே அடைத்து அந்த அளவில்தான் காக்கிறார்கள். நிதி குறைவான நீர்மூழ்கிக்கும் அந்த வழி சிந்திக்கத் தக்கது: முழுக் கட்டடம் எழுப்பாமல், கப்பலின் அடிப்பாதியை மட்டும் டாக்குக்குள் மூடி உலர்வாக வைப்பது.

வெட்டிக் காட்டுவது

யு-534 1945 மே 5 அன்று மூழ்கி, 48 ஆண்டுகள் கடலடியில் கிடந்து, 1993இல் டென்மார்க்கின் ஆன்ஹோல்ட் தீவருகே தூக்கப்பட்டது. பின்னர் இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டுக்கு வந்து, 2008இல் துண்டுகளாக அறுக்கப்பட்டு, கண்ணாடி வழியே உள்ளே பார்க்கும்படி வைக்கப்பட்டது. உள்ளே நடமாட இயலாத படகுக்கு இது நேர்மையான தீர்வு. நல்ல உடலோடு இருக்கும் படகுக்கு இடம் போதாது என்பதற்காக இதைச் செய்யக் கூடாது. அறுத்ததை மீண்டும் ஒட்ட முடியாது.

ஆட்கள் உள்ளே போவது

எந்த வழியைத் தேர்ந்தாலும், உள்ளே போவது எப்படி என்ற கேள்வி வரும். காட் படகில் இன்றும் மாலுமிகள் ஏறி இறங்கிய ஹட்ச் (மேல்தளத்து மூடியுள்ள திறப்பு) ஏணிகளைத்தான் பார்வையாளர்களும் பயன்படுத்துகிறார்கள். யு-995இல் பக்கவாட்டில் கதவு வெட்டியிருக்கிறார்கள். உண்மைத்தன்மைக்குக் காட், முதியோருக்கும் கூட்டத்துக்கும் யு-995. மிதக்கும் படகின் பக்கத்தில் கதவு வெட்டக் கூடாது, கரையில் இருப்பதற்கு வெட்டலாம். எங்கு வெட்டினாலும் ஃப்ரேமை அறுக்காமல் இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் வெட்டுங்கள். ஒரே திசையில், ஒருவர் பின் ஒருவராக, ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்குவதே நெரிசலைத் தவிர்க்கும்.

பார்வையாளர் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த எஃகில் நீராகப் படியும். அமெரிக்கப் படகுகளில் உட்சுவரில் ஒட்டிய கார்க்குக்குப் பின்னால் அந்த ஈரம் நுழைந்தால், பெயின்ட் பளபளக்க உள்ளே தகடு கரைந்துகொண்டிருக்கும். மூடும் நேரத்தில் ஹட்ச்களை அடைத்து ஈரநீக்கியை ஓடவிட்டால் இது பெருமளவு கட்டுப்படும். பேட்டரி அறைகளில் சிந்திய அமிலத்தின் மிச்சத்தைச் சோடாக் கரைசலால் நடுநிலையாக்கிக் கழுவாமல் பெயின்ட் பூசுவது வீண்.

மூடிக்கிடந்த தொட்டிக்குள் யாரையும் உடனே இறக்கிவிடாதீர்கள். துருப்பிடிக்கும் இரும்பு உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசனையே இல்லாத அந்தக் காற்றில் இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார், காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். ஊதியால் காற்றோட்டம் கொடுத்து, கருவியால் அளந்து, ஆக்சிஜன் 20.9 சதவீதத்தை ஒட்டி இருந்தால் மட்டும், வெளியே ஒருவர் காவலிருக்க உள்ளே போக வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் சுற்றிய குழாய், ஈயப் பெயின்ட், பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த கேபிள் உறை, ரேடியம் பூசிய டயல் எல்லாம் போர்க்காலப் படகில் இருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

முடிவுக்கு வரும் வரிசை

முதலில் அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் தடிமனை அளந்து வரைபடமாக்குங்கள். நீர்க்கோட்டுப் பட்டையில் நெருக்கமாகவும், மற்ற இடங்களில் சற்று விலகியும் அளந்தால் போதும். முதல் தடிமனில் கால்பங்குக்கு மேல் குறைந்த தகடு மாற்ற வேண்டிய தகடு. மேலே ஒட்டுத்தகடு போடுவது இழுத்துச் செல்லும் வரை தாங்கும் தற்காலிக வைத்தியம்தான்; இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் சிக்கினால் அடுத்த துரு அங்கிருந்தே கிளம்பும்.

அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். உடல் உறுதியாக இருந்து, நன்னீரும் டாக்கும் வழியும் இருந்தால் மிதக்கட்டும். அடுத்த டாக் செலவுக்கான தொகையை முதல் ஆண்டிலிருந்தே தனியாகச் சேர்க்க வேண்டும். உடல் உறுதியாக இருந்து, உப்புநீரில் நின்றால் கரையேற்றுங்கள், பின்னாளில் கூரை போடத் தோதாகச் சுற்றிலும் இடம் விட்டு. உடல் தளர்ந்து, ஆனால் தாங்கிகளில் நிற்கும் என்றால் நேரே கூரைக்குள். கடலடியிலிருந்து வந்ததென்றால் குளோரைடை எடுக்கும் வசதியும் உலர்ந்த கட்டடமும் உறுதியான பிறகே தூக்குங்கள். காற்றுபட்ட நாளிலிருந்து அது வேகமாகக் கெடும்.

பெயின்ட் வேலைக்கு ஒரு சொல். முதலில் உயரழுத்த நன்னீரால் உப்பைக் கழுவி, பிறகு எஸ்.ஏ. 2½ தரத்துக்கு (ஏறக்குறைய வெறும் உலோகமே தெரியும் அளவு) மணல் வீச்சால் சுத்தம் செய்து, மறுபடி உப்பு எஞ்சியிருக்கிறதா என்று சோதித்து, எஃகின் வெப்பநிலை பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது மேலே இருக்கும்போது மட்டும் பூசுங்கள். விளிம்புகளுக்கும் வெல்டிங் கோடுகளுக்கும் தூரிகையால் தனிப் பூச்சு வேண்டும். தெளிப்பானால் அடித்த பெயின்ட் அந்த இடங்களில்தான் மெலிந்து முதலில் விரியும்.

புதிய இடத்துக்கு இழுத்துச் செல்லும் நாளைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். கடல்நீர் வால்வுகள் அனைத்தையும் மூடித் துளையில்லாத அடைப்புத்தகடு பூட்டி, ஹட்ச்களை அடைத்து, பம்பும் அலாரமும் சோதித்து, கப்பல் சர்வேயர் கையெழுத்திட்ட பிறகே கயிறு கட்ட வேண்டும். ஹாலந்து-1 போரில் மூழ்கவில்லை. 1913இல் உடைப்பதற்கு இழுத்துச் செல்லும் வழியில்தான் மூழ்கியது.